உப்புத் தண்ணீருக்கு ஒரு சோப்பு

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தால் முதலில் பழக வேண்டியது போர் தண்ணீர். குடிக்கக் கேன் தண்ணீர் வந்துவிடும். குளிக்கத்தான் பாடு. கடைச் சோப்பைக் கையில் வைத்து எத்தனை தேய்த்தாலும் நுரை எழும்பாது. அதற்குப் பதில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒன்று திரண்டு உடம்பிலும் வாளியின் உள்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் உயிர்வேதியியல் படித்துவிட்டு அதை மறந்து கொண்டிருந்த எனக்கு அந்தப் பிசுபிசுப்பு என்னவென்று தெரியும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. அப்படி உண்டாகும் கால்சியம் சோப்பு கரையாது. போதாததற்கு எங்கள் தண்ணீரில் உப்பும் உண்டு. உப்பு ஏற ஏறச் சாதாரண சோப்பு கரைய மறுக்கும்.

சோப்பை நாமே செய்வதென்றால், இதற்கு வழி எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. அதைச் சொல்ல, எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் சமைக்கும் எந்த எண்ணெயும் பெரும்பாலும் டிரைகிளிசரைடுதான். கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் தொங்கிக்கொண்டிருக்கும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாவற்றிலும் கிளிசரால் ஒன்றேதான். வித்தியாசமெல்லாம் தொங்கும் கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலியில். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதில் 12 கார்பன். நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும்தான் பெரும்பங்கு. இரண்டிலும் 18 கார்பன். ஒலியிக்கில் ஒரு இரட்டைப் பிணைப்பு, லினோலியிக்கில் இரண்டு. இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் சங்கிலி வளைந்துவிடுவதால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்க முடியாது, எண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயின் சங்கிலி பெரும்பாலும் நேரானது, ஆனால் குட்டை. அதனால்தான் அது 24 டிகிரிப் பக்கம் உறைகிறது. எங்கள் ஊர் வெயிலில் அது உறைந்து பார்த்ததே அபூர்வம்.

சோப்பு செய்ய எண்ணெயோடு சேர்க்கும் காரமான காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) அந்த எஸ்டர் பிணைப்புகளை வெட்டுகிறது. கிளிசரால் தனியே பிரிகிறது, கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. கொழுப்பும் காரமும் சேரும்போது உள்ளே நடப்பது இதுதான் என்று பிரான்சில் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் ஆராய்ந்து 1823இல் புத்தகமாகவே போட்டார். மனிதர் 102 வயதுவரை வாழ்ந்தார் என்பது உபரித் தகவல். நம் குடலில் கணைய லைப்பேஸ் என்ற நொதியும் இதே பிணைப்புகளைத்தான் வெட்டுகிறது. ஆனால் மூன்றில் இரண்டை மட்டும். நடுவில் இருப்பதை விட்டுவிடும். 37 டிகிரியில், பித்த உப்பின் துணையோடு அலுங்காமல் நடக்கும் அந்த வேலைக்குப் புறவாசலில் எனக்குக் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் தேவைப்பட்டன.

புறவாசல் என்று சொல்லக் காரணம் அத்தை. காஸ்டிக் சோடா டப்பாவைப் பார்த்ததும், “ஏளா, அந்தக் காரத்த அடுக்களைக்குள்ள கொண்டாராத. பிள்ளைய நடமாடுத இடம். புறவாசல்ல வச்சுக் கிண்டு” என்றார்கள். சரியான பேச்சு. காற்றோட்டமும் அங்கேதான்.

18 கார்பன் சோப்பைவிட 12 கார்பன் சோப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும். உப்புத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பைப் பயன்படுத்தியது இதனால்தான். கடல் தண்ணீருக்கே நுரைப்பது எங்கள் போர் தண்ணீருக்கு நுரைக்காதா? கணக்கு அங்கே முடிந்துவிட்டது, ஒரு சிக்கலைத் தவிர. குட்டைச் சங்கிலிச் சோப்பு அழுக்கை எடுக்கிற வேகத்தில் தோலையும் உரித்துவிடும். நம் மேல்தோலின் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் கலந்த ஒரு பூச்சு உண்டு. உடம்பிலுள்ள ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு அதையும் வழித்துக்கொண்டு போகும். குளித்து வந்ததும் முழங்கால் வெள்ளைப் பூத்துவிடும். அதனால் காரத்தைக் குறைத்துப் போட்டு, கொஞ்சம் எண்ணெயை சோப்பாகாமல் மிச்சம் விடுவார்கள். முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் 20 சதவீதம் வரை காரத்தைக் குறைப்பதுண்டு.

நான் நிலைத்த கலவை இது: தேங்காய் எண்ணெய் 400 கிராம், நல்லெண்ணெய் 75, விளக்கெண்ணெய் 25. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்; நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய்க்கு ஏன் இவ்வளவு அதிகம்? சங்கிலி குட்டையானால் மூலக்கூறின் எடை குறைவு. ஒரே எடைக்குள் அதிக மூலக்கூறுகள் அடங்கும், வெட்ட வேண்டிய பிணைப்பும் கூடும். பெருக்கிக் கூட்டினால் 86.5 கிராம் வருகிறது. அதில் 12 சதவீதம் குறைத்து 76 கிராம் போட்டேன். எல்லாமே எடைக் கணக்கு, எண்ணெய் உள்பட. மில்லியில் அளந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். செக்கு எண்ணெய்க்கு இந்த எண்கள் முன்னே பின்னே இருக்கும். காஸ்டிக் சோடாவும் காற்றின் ஈரத்தைக் குடித்து வலுவிழக்கும். அந்த 12 சதவீதம் இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

தண்ணீர் 170 கிராம், ஆர்.ஓ. தண்ணீர். பார்ப்பதற்காகவே போர் தண்ணீர் ஒரு டம்ளரில் இரண்டு மூன்று காரச் செதிலைப் போட்டேன். கழுநீர் போல வெளுத்துக் கலங்கிவிட்டது. கால்சியமும் மக்னீசியமும் காரத்தோடு சேர்ந்து வீழ்படிவாக இறங்குகின்றன. சோப்பு செய்வதற்கு முன்பே பாதி வேலை கெட்டுவிடும்.

தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது கனமான பிளாஸ்டிக். அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். போட்ட வேகத்தில் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கைவைக்க முடியாத சூடாகி ஆவி அடிக்கிறது. அந்த ஆவி மூக்கில் ஏறாதபடி காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ள வேண்டும். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல் குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவுவதுதான் முறை.

கரைசலும் எண்ணெயும் ஆறி வெதுவெதுப்பான பிறகு ஒன்றாக ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். முதலில் எண்ணெய் தனி, தண்ணீர் தனி. கொஞ்ச நேரத்தில் நிறம் வெளிறி, மோர்க்குழம்பு பதத்துக்கு வருகிறது. பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த கோடு மேலேயே தங்கி நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தி அச்சில் ஊற்றிவிட வேண்டும். அது தானாக வேகம் பிடிப்பதற்கும் காரணம் உண்டு: முதலில் உண்டான கொஞ்சம் சோப்பே எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைத்து மீதி வேலையை இழுத்துக்கொண்டு போகிறது. அச்சில் ஊற்றிய பிறகும் உள்ளே சூடு ஏறும், நடுப்பகுதி கண்ணாடி போலத் தெரிய ஆரம்பிக்கும். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பை மறுநாள்வரை விட்டுவைக்கக் கூடாது. கொஞ்சம் சூடு இருக்கும்போதே கத்தி வைத்தால் வழுவழுவென்று வெட்டுப்படும். இறுகிவிட்டால் உதிரும்.

வெட்டிய கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிழலில் நாலிலிருந்து ஆறு வாரம் அடுக்கிவைக்க வேண்டும். சோப்பாக மாறுவது முதல் ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்; மிச்ச நாளெல்லாம் தண்ணீர் வற்றிக் கட்டி இறுகுவதற்கு. அவசரப்பட்டு எடுத்தால் குளியலறையில் கூழாகக் கரைந்துவிடும். பிஎச் தாள் 9, 10 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், சோப்பின் இயல்பே அது. ஒப்பிட்டுப் பார்க்கச் சூரியகாந்தி எண்ணெய் தூக்கலாகப் போட்டு ஒரு சின்ன அச்சும் ஊற்றியிருந்தேன். கொஞ்ச மாதத்தில் அதில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்து காறல் வாடை அடித்தது. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஆக்சிஜன் புகுந்துவிட்டது. தேங்காய்க் கட்டியில் ஒரு புள்ளி இல்லை.

போர் தண்ணீரில் நுரைத்ததா? நுரைத்தது, தாராளமாகவே. விளக்கெண்ணெயிலிருக்கும் ரிசினோலியிக் அமிலத்தில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் உண்டு. நுரை சீக்கிரம் அடங்காமல் நிற்க அது உதவும் என்பார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. வாளியில் ஒட்டும் பிசுபிசுப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அது முழுதாக நிற்க வேண்டுமானால் கால்சியத்தைப் பிடித்துவைக்க இடிடிஏ போல ஏதாவது சேர்க்க வேண்டும். கடைச் சோப்பு உறையைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் அது இருக்கும். ஷாம்பூவிலுள்ள சோடியம் லாரில் சல்பேட்டும் இதே 12 கார்பன் சங்கிலிதான். அந்த மூலக்கூறின் தலைப்பக்கம் மட்டும் சல்பேட். அதன் கால்சியம் உப்பு அவ்வளவாகத் திரளாது, அதனால் எங்கள் ஊரிலும் ஷாம்பூ நுரைக்கிறது. தலைக்கு இந்தச் சோப்பைப் போடாதீர்கள், முடி சிக்குப்பிடித்துப் பிசுக்காகும். அதற்குச் சீயக்காய் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் விலைக்குக் கேட்கிறார்கள். சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். செய்து விற்க மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு இடமும் ஆளும் ஆய்வுக்கூட வசதியும் காட்ட வேண்டும். புறவாசலை வைத்துக்கொண்டு அது ஆகாது. கேட்பவர்களிடம் கலவைக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், கையுறை வாங்கச் சொல்லி.