ஆஸ்திரியாவுக்கு ஆள் தேவை

எங்கள் ஆட்டக் குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாட்டின் பெயர்தான். "இங்கிலாந்துக்கு நைட் ஷிஃப்ட்டாம்", "துருக்கிக்குப் பல்லைப் பிடுங்கிட்டாங்களாம்" என்று நான் போனில் பேசுவது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆஸ்திரியாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணுக்குப் பழகவில்லை. அவன் போனில் 'இத்தாலி' என்ற பெயருக்கு, "இன்னிக்கு ராத்திரி என் சப்போர்ட் உனக்குத்தான். துருக்கிக்குத் தெரிய வேண்டாம்" என்று போயிருந்த மெசேஜைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே ஆஸ்திரியா ஆட்டத்தை விட்டு விலகியது.

ஆட்டத்தின் பெயர் டிப்ளமசி, வரைபடத்தில் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு. ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர் 1959-ல் வெளியிட்டது. 1901-ஆம் ஆண்டு ஐரோப்பா, ஆளுக்கொன்றாக ஏழு வல்லரசுகள், படைகளுக்குத் தீனி போடும் 34 மையங்கள். அதில் 18 பிடித்தால் ஜெயம். பகடை கிடையாது, சீட்டு கிடையாது, எல்லாப் படைக்கும் ஒரே பலம். தனியாக மோதினால் நகராது, பக்கத்துப் படையின் சப்போர்ட் சேர்ந்தால்தான் எதிரியைக் கிளப்ப முடியும். அதனால் பகல் முழுக்கப் பேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாருடைய உத்தரவும் ஒன்றாக வெளியாகும். யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

ஒருவர் விலகினால் அந்த நாட்டுப் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்து நாடுகளுக்குப் பந்தி விரித்த மாதிரி. நான் ரஷ்யா. ஆஸ்திரியா விழுந்தால் துருக்கி நேராக என் மேல்தான் வந்து விழும். ஆகவே பதில் ஆள் தேடும் அக்கறை எனக்கு மட்டும்தான். இத்தாலியும் துருக்கியும் "நாங்களும் விசாரிச்சிட்டுதான் இருக்கோம்" என்றார்கள். விசாரித்த லட்சணம், அன்று ராத்திரியே ஆஸ்திரியாவின் ட்ரியெஸ்ட் மையம் இத்தாலி கைக்குப் போயிற்று.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1963-லேயே நியூயார்க்கில் ஜான் போர்ட்மன் என்பவர் இந்த ஆட்டத்தைத் தபாலில் நடத்தத் தொடங்கிவிட்டார். தபால் ஆட்டத்தில் பாதியில் காணாமல் போகிறவர்களுக்காக மாற்று ஆட்டக்காரர் பட்டியலே தனியாக வைத்திருப்பார்கள். கால்ஹாமர் பிற்காலத்தில் தபால்காரராகவே வேலை பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

என்னிடம் பட்டியல் ஏது? மச்சினனைக் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடி வளர்ந்த பையன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "குதிரைப்படை எங்க மாமா? விவசாயிகளையே காணோமே?" என்றான். ஆபீஸ் ஜூனியரிடம் விஷயத்தைச் சொன்னதும், "மிச்சம் மூணே மூணு மையமா? தோத்தா யார் பேர்ல சார் வரும்?" என்று கேட்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

இதையெல்லாம் ஈசிசேரில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார் கேட்டார். "அடிக்கிறதுக்கு முன்னாடி பேசலாமா மாப்பிள்ளை?"

"பேசுறதுதான் மாமா ஆட்டமே."

"அப்ப கொடுங்க."

மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், ஊழியர் சங்கத்தில் இருந்தவர். நிர்வாகத்தோடு பேசிப் பேசியே முடி கொட்டிய தலை.

துருக்கி உடனே ஆட்சேபம் எழுப்பியது. மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் கூட்டுச் சதிதானே என்றது. மாமா பதில் எழுதினார்: "தாங்கள் இன்னும் திருமணம் ஆகாதவர் என்று கருதுகிறேன்." ஆட்சேபம் வாபஸ்.

அப்புறம் கடிதங்கள் கிளம்பின. எல்லாரும் "டேய், செர்பியா வேணுமா?" என்று எழுதுகிற இடத்தில் இவர் "பொருள்: ட்ரியெஸ்ட் மையத்தைத் திரும்ப ஒப்படைத்தல் தொடர்பாக. பார்வை: தங்களின் சென்ற பருவ நகர்வு" என்று ஆரம்பித்தார். முந்தைய ஆஸ்திரியா கொடுத்த வாக்குகளை இத்தாலி நினைவுபடுத்தியபோது, "பழைய நிர்வாகத்தின் வாய்மொழி உறுதிகள் இந்த நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது" என்று வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் ஆபீஸ் சர்க்குலர் படிக்கிற பயம் வந்துவிட்டது. துருக்கி அடுத்து யார் மேல் பாயும் என்று இத்தாலிக்குப் பக்கம் பக்கமாக விளக்கினார். சில நாளில் இத்தாலி ட்ரியெஸ்டை விட்டுத் தானாகவே கிளம்பிப் போனது. இந்த ஆட்டத்தில் பிடித்த மையத்தை யாரும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் அவருக்கும் ஒப்பந்தம், காபி டம்ளரை நடுவில் வைத்துக்கொண்டு. எங்கள் இருவர் எல்லையில் இருக்கும் கலீசியாவுக்கு ஒரு படை அனுப்புவார். அங்கிருந்து, ஜெர்மனிக்கு எதிராக சைலீசியாவில் எனக்கு சப்போர்ட் கொடுப்பார். வசந்த காலச் சுற்றில் சொன்னபடி கலீசியா வந்தார். அடுத்த இலையுதிர் காலச் சுற்றில் அங்கிருந்து நேராக என் வார்சாவுக்குள் போய் உட்கார்ந்தார். என் படையெல்லாம் ஜெர்மனி எல்லையில். ஒன்பது மணிக்கு முடிவு வந்தபோது ஹாலில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் இருந்தோம்.

"என்ன மாமா இது?"

"ஒப்பந்தம் வசந்த காலத்தோட காலாவதி ஆயிடுச்சே மாப்பிள்ளை. புதுசா உட்கார்ந்து பேசிடுவோம்" என்று சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். கோரிக்கைப் பட்டியல். முதல் கோரிக்கை, வார்சா மீது ரஷ்யா உரிமை கோரக்கூடாது. இரண்டாவது, ருமேனியாவைக் காலி செய்ய வேண்டும். மூன்றாவது, துருக்கிக்கு எதிராகக் கருங்கடலில் கப்பல்.

நாலாவது, ராத்திரி பத்து மணிக்கு மேல் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும்.