ஒன்பதாம் நாள் திரும்பி வந்தவன்

நீலகிரி மலையிலுள்ள கூடலூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தது ஆடி மாதத்து மழை நாளொன்றில். கோவைப் பக்கம் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனைச் சேர்த்துவிட்டு நான் திரும்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தோளில் நாங்கள் வாங்கிக்கொடுத்த அதே பை. என்னைக் கண்டதும் கடை ஓரமாக ஒதுங்கினான்.

"ஏண்டா, வந்துட்டே?" என்றேன்.

"பாட்டி செத்துப்போச்சு அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். நான் முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

அவன் பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த பையன். அவனுடைய பாடியில், அதாவது அவர்கள் குடியிருப்பில், ஐ.டி.ஐ. முடித்த முதல் ஆள், ஃபிட்டர். மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தேன். "சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான் மேடம், இவங்க எல்லாருமே இப்படித்தான்" என்றார் சூப்பர்வைசர். காரியம் முடித்து அவன் திரும்பிப் போனபோது ஹாஸ்டலில் அவன் கட்டிலில் வேறொருவன் படுத்திருந்தான்.

பழங்குடிப் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து வேலைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் என் வேலை. கூடலூர், பந்தலூர் இரண்டு தாலுகாவிலும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகள் எஸ்டேட்டுகளுக்கும் காட்டுக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. நீலகிரி முழுவதும் சேர்த்து 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 32 ஆயிரத்துச் சொச்சம் பேர். மாநில அரசு வேலையில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 சதவீதம். அதை நம்பி எல்லாரும் காத்திருக்க முடியாது. அதனால்தான் மில், கம்பெனி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று வெளியே அனுப்புகிறோம்.

அந்தப் பையன் திரும்பி வரும்வரை நான் வேலையில் சேர்ந்தவர்களை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அறிக்கையில் அதுதான் போகும். எத்தனை பேர் நாற்பதாம் நாள் அங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. திரும்பி வந்த யாரும் வேலை கஷ்டம் என்று சொல்லவில்லை. சாவு, அம்மாவுக்குக் காய்ச்சல், அக்கா பிரசவம், ஊரில் சீர் என்று ஏதாவது ஒன்றுக்காக வந்திருக்கிறார்கள். பிறகு திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிட்டது.

பாடியில் ஒரு சாவு என்றால் எல்லாரும் போவார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறவர் அன்று போகமாட்டார், அன்றைய கூலி கிடையாது, சரி, கணக்கு முடிந்தது. பொறுப்பில்லாமல் ஓடுகிறார்கள் என்று அதைச் சொல்வது அநியாயம். சாவு வீட்டில் நிற்க வேண்டும் என்ற பொறுப்புக்காகத்தான் அவன் மலையேறி வந்தான்.

பணியர் என்ற பெயரே பணி என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் கேரளத்து வயநாட்டில் மானந்தவாடி வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில் வைத்து இவர்களை வருடக் கூலிக்குப் பேசிக் கூட்டிப்போன வழக்கம் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. இன்றைய பையன்களின் தாத்தாக்கள் பார்த்த காலம் அது. முதலாளி முன்னால் வாய் திறந்து ஒன்றைக் கேட்பது அந்த வீடுகளில் பழகிய காரியமில்லை. கேட்பதைவிடப் போய்விடுவது எளிது.

அதனால் லீவு கேட்கப் பழக்க ஆரம்பித்தோம். எங்கள் ஆபீசில் நான் சூப்பர்வைசராக உட்காருவேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேட்க வேண்டும். ஒரு காட்டுநாயக்கர் பெண், பிளஸ் டூ முடித்தவள், மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் "சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள். மூன்றாம் நாள்தான் முழு வாக்கியமும் வந்தது. வீட்டில் அவளுக்கு ஒரு மொழி, கடைத்தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கீழே போனால் கோவைக்காரர்களின் வேகமான பேச்சு. அதைக் காதுக்குப் பழக்க, கோவையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரை ஸ்பீக்கர் போனில் பேசச் சொன்னோம்.

இப்போது யாரையும் தனியாக அனுப்புவதில்லை, ஒரே பாடியிலிருந்து இரண்டு பேராவது. முதல் மாதத்தில் இரண்டு தடவை நேரில் போய்ப் பார்க்கிறோம். காகித வேலை தனி. பழங்குடிச் சாதிச் சான்றிதழ் தாசில்தாரிடம் கிடைக்காது, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.)தான் தர வேண்டும். டி.சி.யில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் பி.எஃப். கணக்கிலேயே சிக்கல். இதையெல்லாம் பத்தாவது படிக்கும்போதே சரிசெய்யத் தொடங்கிவிட வேண்டும்.

கம்பெனிக்காரர்களோடு பேசியதுதான் அதைவிடக் கடினம். சாவுக்கு வந்தால் ஏழு நாள் கட்டிலும் வேலையும் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். பல இடத்தில் முடியாது என்றார்கள். ஒரு மில்லில் மட்டும் வயதான மேனேஜர் ஒருவர், "எங்க ஊர்லயும் கருமாதி முடியாம யாரும் வரமாட்டாங்க, இதுல என்ன இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். அதைக் காட்டித்தான் இரண்டாவது கம்பெனியில் பேசினேன்.

அந்த ஃபிட்டர் பையன் இப்போது தேவாலாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். வெளியூர் போகச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். துப்பட்டா சுற்றிய அதே பெண்தான். மில்லில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

"அக்கா, தங்கச்சிக்குச் சீர். நாலு நாள் கேட்டேன். மூணுதான் தர்றேன்னாங்க. திரும்பக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாலு தந்துட்டாங்க. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு ஏர்றேன்."