ஜிமேட் நாட்குறிப்பு: போதுமா, போதாதா?

ஜூலை 3
எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் ‘டேட்டா சஃபிஷியன்சி’ என்றொரு வகைக் கேள்வி. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல். விடை காண வேண்டாம். காண்பதற்கு அந்தத் தகவல் போதுமா என்று சொன்னால் சரி. முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், சேர்ந்தால்தான் போதும், தனித்தனியாகவே போதும், சேர்ந்தாலும் போதாது. எந்தக் கேள்விக்கும் இதே ஐந்துதான். ஆபீஸ் விட்டு வந்து பத்து போட்டேன். ஆறு தப்பு.

ஜூலை 5
ஆறில் நாலு ஒரே மாதிரித் தப்பு. ஓர் எண் பூச்சியத்தைவிடப் பெரியதா? ஒன்று: அதன் வர்க்கம் 16. இரண்டு: அதன் கனம் 64. முதலாவதில் 4-ம் வரும், -4-ம் வரும், போதாது. இரண்டாவதில் 4 மட்டுமே. ஆக, இரண்டாவதே போதும். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ‘சேர்ந்தால்தான்’ என்று குறித்திருக்கிறேன். இனிமேல் இரண்டாவதைப் படிக்கும்போது முதலாவதைக் கையால் மறைத்துக்கொள்ளப் போகிறேன்.

ஜூலை 8
டவுனில் ஆனித் தேரோட்டம். கூட்டத்தில் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு கணக்கு தோன்றியது. தேர் ராத்திரி 7 மணிக்குள் நிலைக்கு வந்ததா? ஒன்று: காலையில் புறப்பட்டது. இரண்டு: ராத்திரி 8 மணிக்கு மேலரத வீதியில் நின்றது. ஆச்சியிடமே கேட்டேன்.

“எட்டு மணிக்கு வீதியில நிக்குன்னா வரலைன்னு தெரிஞ்சு போச்சுல்லா. அப்புறம் என்னட்டி யோசனை?”

அதேதான். ‘இல்லை’ என்று உறுதியாகத் தெரிந்தாலும் தகவல் போதும். ‘ஆம்’ வந்தால்தான் போதும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தேன். ஆச்சிக்கு ஒரு நொடி ஆகவில்லை.

ஜூலை 12
இந்த வகை வருவது ‘டேட்டா இன்சைட்ஸ்’ என்ற பகுதியில். பகுதி முழுக்க 20 கேள்வி, 45 நிமிடம். அதில் வரும் அட்டவணையும் வரைபடமும் பரவாயில்லை, ஆபீசில் தினமும் பார்ப்பதுதான்.

ஜூலை 15
பத்துக்கு ஒன்பது! தப்பானது இந்த மாதிரி: ஒரு வடை என்ன விலை? ஒன்று: 2 வடை, 1 டீ, மொத்தம் 30 ரூபாய். இரண்டு: 4 வடை, 2 டீ, மொத்தம் 60 ரூபாய். இரண்டு சமன்பாடு, தெரியாதவை இரண்டு, சேர்ந்தால் போதும் என்று ஓடிவிட்டேன். இரண்டாவது, முதலாவதை இரட்டித்தது மட்டும்தான். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு இந்த வகையில் மட்டும் இருபது போட வேண்டும்.