முதலில் கால், அப்புறம்தான் கை

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பேஸ்பால் அணியில் அவளை எடுத்திருக்கிறார்கள். காவேரிப்பட்டணத்தில் கிரிக்கெட் மட்டை இல்லாத வீடு குறைவு, பேஸ்பால் பந்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. வீட்டுப் பயிற்சி என் பொறுப்பாயிற்று. நான் கல்லூரியில் ஈட்டி எறிந்தவன். உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங் (கிரிக்கெட் வீரர் இல்லை, இவர் வேறு), தினேஷ் படேல் இரண்டு பேரும் ஈட்டி எறிந்தவர்கள்தான். பேஸ்பாலே தெரியாமல் இருந்து, 2008-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். எந்த விளையாட்டானாலும் எறிதல் தரையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் நம்பிக்கை.

அவள் முதலில் மாங்காய்க்குக் கல் விடுவதுபோல் நெஞ்சை நேராகக் காட்டி, வெறும் கையால் வீசினாள். தோள்தான் எல்லாச் சுமையையும் வாங்கியது. அதனால் தோப்பை ஒட்டிய வெற்று நிலத்தில், அவள் நிற்கும் இடத்திலிருந்து நான் நிற்கும் இடம் வரை கோலமாவில் நேர்கோடு போட்டேன். இடது தோள் என் பக்கம் பார்க்க வேண்டும். இடது கால் அந்தக் கோட்டில் விழ வேண்டும். கால் ஊன்றியதும் இடுப்பு திரும்பும், அப்புறம் நெஞ்சு, அப்புறம் முழங்கை, கடைசியில்தான் விரல். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பந்தை விட்ட பிறகும் கை நிற்காமல் இடது முழங்கால் வரை போக வேண்டும்.

ஒருநாள் இது சரியாக விழுந்தது. "மாமா, நான் வேகமாவே வீசல, பந்து தானா போயிடுச்சு" என்றாள். "அதுதான் கண்ணு, அப்படியே வை" என்றேன்.

பிடிமானத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். லாடம் மாதிரி வளையும் தையலுக்குக் குறுக்கே ஆள்காட்டி விரலும் நடுவிரலும், அடியில் கட்டைவிரல். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. டென்னிஸ் பந்தைச் சுற்றிச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தேன். அந்தப் பட்டையின் மேல் விரல்களை வைத்து எறிந்தால் அது ஒரே கோடாகச் சுழல வேண்டும். தள்ளாடினால் விரல் பக்கவாட்டில் நழுவுகிறது என்று அவளே கண்டுபிடித்துவிடுகிறாள்.

எறிந்த பந்துகளை நான் எண்ணுகிறேன். அமெரிக்காவில் 13, 14 வயதுப் பிட்சருக்கு, அதாவது அடிப்பவருக்குப் பந்து எறிபவருக்கு, ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சவரம்பு. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. வளரும் பிள்ளையின் முழங்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. வலி என்று சொன்னால் அன்றைக்கு அத்தோடு சரி.

அடிப்பதில் கிரிக்கெட் பழக்கம்தான் பெரிய தடை. மட்டையை மேலிருந்து நேராக இறக்குகிறாள். கிரிக்கெட்டில் லேசாகத் தொட்டுப் பின்னால் விட்டாலே நான்கு ரன் கிடைக்கும். இங்கே 90 டிகிரி விரிப்புக்குள் முன்னால் போகாவிட்டால் ஃபவுல், அதாவது செல்லாத அடி. மட்டையும் உருளை, பந்தும் உருண்டை, நடுப்பகுதியில் பட்டால்தான் பறக்கும். பி.வி.சி. பைப்பை இடுப்பு உயரத்துக்கு நட்டு, மேலே பழைய ரப்பர் டியூபைச் செருகிப் பந்தை வைத்தேன். எதிரே மாங்கன்று நர்சரியில் கட்டும் பச்சை நிழல்வலை. இரண்டு கையும் ஒட்டியிருக்க, முன்கால் ஊன்றி, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். கண் பந்து இருந்த இடத்தை விட்டு அகலக் கூடாது. நன்றாகப் பட்டால் 'டங்'கென்று ஒரு சத்தம், வலை பின்னால் உப்பும்.

வெளிப்பக்கம் வரும் பந்தையும் இடதுபுறமே இழுப்பது இன்னும் போகவில்லை. இப்போது பைப்பை உடம்பை விட்டுத் தள்ளி, கொஞ்சம் பின்னால் நட்டிருக்கிறேன். வலையின் வலது பாதியில் படும் அடிகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். மாவட்டப் போட்டிக்குள் இது படிந்துவிட வேண்டும்.