நங்கூரம் போட்டாச்சு, எடுப்பதுதான் எப்படி?

பினாங்கு மாமா, அதாவது என் மனைவியின் தாய்மாமா, ஓய்வுபெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிட்டார். 36 அடி நீளம். மாமி இன்றுவரை அதில் கால் வைக்கவில்லை. ஆகவே விடுமுறைக்குப் போன நான் மாட்டிக்கொண்டேன். லங்காவியின் தெற்கே, தாயாங் பந்திங் தீவை ஒட்டி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை மலைகள் நிற்கும் ஒரு குறுகலான இடத்தில் நங்கூரம் போட்டு இரவு தங்கினோம். குளம் மாதிரித் தண்ணீர், தலைக்கு மேலே செம்பருந்துகள். சொர்க்கம்தான், காலையில் கிளம்ப நினைக்கும்வரை.

மாமா படகின் மூக்குப் பக்கம் போய், நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் மோட்டாரான வின்ச்சின் பொத்தானை மிதித்தார். 'டக்' என்றது. அப்புறம் வயிற்று வலிக்காரர் மாதிரி ஒரு முனகல். சங்கிலி ஒரு கண்ணிகூட ஏறவில்லை.

8 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் சங்கிலி விட்டிருந்தோம். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.3 கிலோ. அதன் நுனியில் சேற்றுக்குள் சுகமாகப் படுத்திருக்கும் 20 கிலோ நங்கூரம். கரண்ட் இல்லாவிட்டால் கையால் சுற்ற ஒரு கைப்பிடி உண்டாம்.

"எங்கே மாமா?"

"வீட்டுலதான். கடல்ல விழுந்துடுமோன்னு பத்திரமா வச்சிருக்கேன் மாப்ளே."

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் வினை. "நீங்க கரண்ட்டுக்குத்தானே படிச்சீங்க?"

படித்தேன். நான்கு வருடம் ட்ரிப்பிள் ஈ. அதற்குப் பிறகு இன்றுவரை மென்பொருள்தான். எங்கள் வீட்டில் டியூப்லைட் மாற்றுவதே மனைவிதான். இதை அவளுடைய மாமாவிடம் எப்படிச் சொல்வது? "பார்த்துடலாம் மாமா" என்றேன்.

பொத்தானில் ஓடுவது சின்னக் கரண்ட். அது சொலினாய்டு என்ற பெரிய சுவிட்சை இழுத்து மூடும். 'டக்' அதன் சத்தம். மோட்டாருக்கான பெரிய கரண்ட் அது வழியாகத்தான் போகும். சொலினாய்டு பழசோ என்று கேட்டேன். போன மாதம்தான் புதிதாகப் போட்டாராம். அதற்கு முந்தைய மாதம் பேட்டரி. அடுத்து மோட்டாரையே மாற்றுவதாக இருந்தாராம். பிரேக்கரும் விழவில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரியில் 12.6 வோல்ட், சொலினாய்டு முனையிலும் அதே 12.6. எல்லாம் சரியாக இருக்கிறது, வின்ச் மட்டும் ஓடவில்லை.

அரைமணி நேரம் தலையைச் சொறிந்தபின்தான் உறைத்தது. சும்மா இருக்கும்போது அளந்தால் எந்த வயரும் யோக்கியன்தான். சுமை ஏறும்போது அளக்க வேண்டும். மல்டிமீட்டர் வயர் நீளம் ஒரு முழம். பேட்டரி ஒரு கோடியில், மோட்டார் மறுகோடியில். பழைய ஸ்பீக்கர் வயரை ஒட்டுப்போட்டு படகு நெடுக இழுத்தேன். சங்கிலியில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, "மாமா, மிதிங்க!"

பேட்டரியில் 12.2. மோட்டாரில் 5.6. நடுவழியில் ஆறரை வோல்ட்டை யாரோ முழுங்குகிறார்கள். பாசிட்டிவ் கேபிளின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தேன்: 0.6 தான். நெகட்டிவ் பக்கம் வைத்தேன்: 6 வோல்ட். மாமா பார்த்தது, மாற்றியது எல்லாம் பாசிட்டிவ் பக்கம். போன கரண்ட் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

நெகட்டிவ் கேபிள் மோட்டாரில் சேரும் இடம் முன்கட்டிலுக்கும் முன்னால், சங்கிலிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு பலகை மறைவில். உள்ளே போக ஒரே வழி தலைகீழாக. மாப்பிள்ளைக்கு மரியாதையாக மாமா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது: கேபிள் நுனியில் மாட்டும் செம்பு வளையமான ஒரு லக், அதன் மேல் பச்சைக் களிம்பு, அதை இறுக்கியிருந்ததாகச் சொல்லப்படும் ஒரு நட்டு. விரலால் திருகினேன், சுற்றியது. லக்கைத் தொட்டேன், சுட்டது. சுடாமல் என்ன செய்யும்? 80 ஆம்பியர் ஓடியது என்று வைத்தால் ஆறு வோல்ட்டுக்கு 480 வாட். மூக்குக்கு அடியில் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை மிதித்து மிதித்துச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். கணக்குப் பார்த்தால் எதிர்ப்பு 0.075 ஓம். என் மல்டிமீட்டரின் இரண்டு கம்பியை ஒன்றோடொன்று தொட்டாலே அதைவிட அதிகம் காட்டும்.

மெயின் சுவிட்சை அணைத்தோம். நட்டைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, செம்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். உப்பு செய்த வேலையை உப்புத்தாள்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. இறுக்கி முடித்ததும் மேலே பூச மாமா தேங்காய் எண்ணெய் நீட்டினார். வாசலின் போதும் என்றேன். தலைகீழாக நாற்பது நிமிடம். கீழே வந்த ரத்தம் மேலே போகவே கொஞ்ச நேரம் ஆனது.

இன்ஜினைப் போட்டு, படகை மெல்ல முன்னால் நகர்த்தி, "மிதிங்க மாமா."

'டக்', கடகடகடகட! நாற்பது மீட்டரும் சேறு சொட்டச் சொட்ட ஏறி வந்தது. கடைசியில் நங்கூரமும், அதோடு ஒரு கூடை களிமண்ணும். மாமா முகத்தில் பேரன் பிறந்த களை. "என்னா சத்தம் மாப்ளே! இன்னொரு தடவை கேட்போமா?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் இறக்கும் பொத்தானை மிதித்துவிட்டார்.

அன்று இரவும் அங்கேயே தங்கினோம்.