முனிர்க்கா, டெல்லி, ஜூன்

ஜூன் 12
மாமா ஐசியூவில். கூப்பிட்டால் திரும்பவில்லை.

ஜூன் 13
தூக்கம் வரவில்லை. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார், கரிப்பெட்டி கனன்றபடி கிடந்தது. வெளியே லூ என்கிற அனல்காற்று, வண்டிக்குள் கரிச்சூடு வேறு. அத்தை என்ன கேட்டாலும் மாமா திண்டிவனம் பஸ் பற்றி உளறினார். 'வேர்க்குதே, வெயில் அடிச்சிருக்காது' என்று ஒருவர் சொன்னார். வேலை செய்துகொண்டே விழுபவர்களுக்கு வேர்க்கத்தான் செய்யும், உடம்பு கொதித்துப் புத்தி தடுமாறினால் அதுதான் வெயில் அடித்ததற்கு அடையாளம். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்கவில்லை, கரும்பு ஜூஸ்காரர் ஐஸ் முழுவதையும் கொட்டிக் கொடுத்தார், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறினோம். வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவரை அத்தை பிடித்துத் தள்ளினார், நல்லவேளை. நினைவு தடுமாறியவருக்குப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு ஆஸ்பத்திரியில் ஆசனவாய் வழியாகப் பார்த்தால் 41.2 டிகிரி செல்சியஸ். அக்குளில் வைத்துப் பார்ப்பதை நம்பக்கூடாதாம். இங்கே டெல்லியிலேயே ராம் மனோகர் லோகியா (ஆர்.எம்.எல்.) ஆஸ்பத்திரியில் 2024இல் இதற்கென்றே தனிப் பிரிவு திறந்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் ஆளையே இறக்குகிறார்கள். மாமா இருக்கும் ஆஸ்பத்திரியில் தொட்டி இல்லை. தண்ணீர் தெளித்து ஃபேன் வைத்தார்கள், ஈரம் காயும்போது சூட்டையும் கொண்டுபோகும். 39க்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள், அதற்குமேல் குளிரவைத்தால் ரொம்பக் கீழே போய்விடுமாம்.

'காய்ச்சல் மாத்திரைகூடத் தரமாட்டேங்கறாங்களே' என்று அத்தை அழுகிறார். இது மூளை தானாக ஏற்றிய காய்ச்சல் இல்லை அத்தை, மாத்திரை கேட்காது, கல்லீரலுக்குத்தான் கெடுதல். மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

டி.டி.ஏ. (அரசு கட்டிய) ஃபிளாட் மேடம் போன். தேய்க்கக் கொடுத்த பட்டுப்புடவை எங்கே என்று.

ஜூன் 14
மூத்திரப் பை டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறதாம், கிட்னியை அடைத்துவிடாமல் இருக்க சலைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பையைத் தவிர வேறெதையும் பார்க்கமுடியவில்லை.

ஜூன் 15
கண் திறந்தார்! என்னைப் பார்த்து 'அக்கா' என்றார். அம்மா என்று நினைத்துவிட்டாரா, இல்லை மூளையில் ஏதாவது போய்விட்டதா? டாக்டரம்மா இப்போதே சொல்லமுடியாது என்கிறார். எவ்வளவு நேரம் அந்தச் சூட்டிலேயே இருந்தார் என்பதைப் பொறுத்தது என்கிறார், அது யாருக்குத் தெரியும், விழுந்தபோதுதானே பார்த்தோம், அதற்கு முன்னால் எத்தனை நேரம் தலை சுற்ற நின்று தேய்த்தாரோ. கல்லீரல் அளவுகளும் ஏறியிருக்கின்றன, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஏறுமாம்.

மறுபடி மேடம். புடவை வண்டியிலேயே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 16
பை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அத்தை, வெளுக்கவில்லை என்கிறார். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கீழே கவுண்டரில், ஐந்து மணிக்கு மூடிவிடுவான், போகிறேன்.