ஹாட்சுனே மிக்கு விக்: இதுவரை முடிந்த வேலை

தங்கைக்காக நான் செய்துகொண்டிருக்கும் மிக்கு விக், தலையில் மாட்டி நடந்து பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. மிக்குவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 2007 ஆகஸ்டில் ஜப்பானின் கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா நிறுவனம் வெளியிட்ட பாடும் மென்பொருளின் முகம்தான் ஹாட்சுனே மிக்கு. கேய் என்ற ஓவியர் வரைந்த உருவம். வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. இரண்டு பக்கமும் உயரத் தூக்கிக் கட்டிய நீலப்பச்சைக் குதிரைவால்கள் முழங்காலையும் தாண்டித் தொங்கும். ஓவியத்தில் அந்த முடிக்கு எடை கிடையாது. மிச்சத் தொல்லை எல்லாம் அதிலிருந்து பிறந்ததுதான்.

"கோவில் முடி இவ்வளவு ஏலம் போகிற நாட்டில் எதற்குப் பிளாஸ்டிக் முடி?" என்று வீட்டில் கேட்டார்கள். திருப்பதியில் காணிக்கையாக விழும் முடி விக் தொழிலுக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் அசல் முடியை இந்த நிறத்துக்குக் கொண்டுவர முதலில் அதன் கருமையை முழுக்க வெளுக்க வேண்டும், பிறகு சாயம், பிறகு சென்னைக் காற்றின் ஈரத்தில் அது பரட்டையாகும். செயற்கை இழை அப்படியில்லை. சூடு காட்டி ஒரு வடிவம் கொடுத்து ஆறவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். மழை பெய்தாலும் அதற்குக் கவலையில்லை. ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் செய்துவரும் கனேகலான் இந்த வகையில் பெயர்பெற்றது. நான் வாங்கியது பெயரில்லாத வெப்பம் தாங்கும் இழை. 150 டிகிரி வரை தாங்கும் என்று உறையில் போட்டிருந்தது. நான் 120ஐத் தாண்டவில்லை. உறையில் இருப்பதை அப்படியே நம்புவதற்கு முன் உள்பக்கத்தில் ஒரு கொத்தை வெட்டியெடுத்துச் சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கடைகளில் கிடைக்கும் மிக்கு விக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. கழுத்தளவு குட்டை முடி விக் ஒன்று. அதன் இரு பக்கமும் கிளிப்பில் மாட்டும் நீள வால் இரண்டு. முன்னாலிருந்து எடுத்த படத்தில் அழகாகத்தான் இருக்கும். திரும்பி நின்றால் குட்டை முடி வெட்டிய பெண் இரண்டு வாலைச் சொருகிக்கொண்டதாகத் தெரியும். மிக்குவின் பின்தலையில் நடுவகிடு எடுத்து, பிடரி முடி முழுவதும் மேல்நோக்கி இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத மிக்குவை எனக்குப் பார்க்கப் பிடிப்பதில்லை. ஆகவே தோள்வரை நீளும் விக் ஒன்றையும், உதிரி முடிக்காக அதே நிறத்தில் இன்னொன்றையும், கூடவே கிளிப் வால்களையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கினேன். சாயத் தொகுதி மாறினால் நிறம் மாறும். மயில்கழுத்து நிறப் பட்டில் ரவிக்கைத் துணி தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலையில் அதிக நேரம் பிடித்தது பிடரி ஓரம். விக்கைப் புரட்டினால் உள்ளே வரிசை வரிசையாக முடிச்சரங்கள் இருக்கும். ஒவ்வொரு சரமும் கீழ்நோக்கி விழும்படி வலைத்தொப்பியில் தைக்கப்பட்டிருக்கும். அந்த முடியை மேலே தூக்கியவுடன் தையல் வரிசை, எலாஸ்டிக், வலை எல்லாம் வெளியே தெரியும். இதற்கு வழி, ஓரத்தில் புதுச் சரம் சேர்ப்பது. இரண்டாவது விக்கின் தையலைப் பிரித்துச் சரங்களை உருவினேன். ஒரு சரத்தைத் தொப்பியின் உள்விளிம்பில் வைத்து, முடி வெளியே கீழ்நோக்கித் தொங்கும்படி வளைந்த ஊசியால் நெருக்கமாகத் தைத்தேன். தைத்து முடிந்ததும் அந்த முடியை விளிம்பைச் சுற்றி மேலே மடித்தால் தையல் மடிப்புக்குள் மறைந்துவிடும். பிடரியில் மடிப்பு மட்டும் வழவழப்பாகத் தெரியும். காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை இப்படி இரண்டு அடுக்கு. நடுவகிட்டிலும் இதே உத்திதான்: வகிட்டின் இரு கரையிலும் சரத்தைத் தைத்து, எதிர்த்திசைகளில் மடித்துவிட்டேன்.

மடித்த முடி உடனே படுத்துவிடாது. விட்டால் எழுந்து நிற்கும். துணிக்கு நீராவி விடும் கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆவி படும்போதே அகலப் பல் சீப்பால் மேல்நோக்கிச் சீவி, கையால் அழுத்தி, முழுக்க ஆறும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இழை வடிவம் பிடிப்பது ஆறும்போதுதான். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் திரும்ப ஆவி விட வேண்டியதுதான். தெர்மாகோல் தலையில் குண்டூசி குத்தி, பழைய துப்பட்டாவை இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் பிடரி ஒட்டிப் படிந்திருந்தது.

அடுத்தது எடை. சமையலறைத் தராசில் ஒரு வால் 340 கிராம் காட்டியது. அதைத் தாங்க வேண்டியது ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும், அது கவ்வியிருக்கும் மெல்லிய வலையும். பரதநாட்டியக் குழந்தைகளுக்கு ஒப்பனை செய்யும் அத்தை ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். சவுரி வைத்துப் பின்னுவதில் கைதேர்ந்தவர். விக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முடியில் முடியைத் தொங்கவிட்டால் எப்படித் தம்பி நிற்கும்? தலையில் தொங்கவிடு" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான் இப்போதைய அமைப்பு. பை தைப்பவரிடம் வாங்கிய ஒரு அங்குல அகல பெல்ட் நாடாவைத் தொப்பியின் உள்ளே ஒரு பக்கத்து வாலடியிலிருந்து உச்சி வழியாக மறுபக்கத்து வாலடி வரை தைத்தேன். நாடாவின் இரு நுனியிலும் பைகளுக்குப் போடும் பக்கிள். அதில்தான் வால் மாட்டப்படுகிறது. இப்போது இரண்டு வாலும் காவடித் தண்டில் தொங்கும் சுமைபோல ஒன்றையொன்று சமன் செய்கின்றன. வலையில் இழுவிசையே இல்லை. வால்கள் சற்றுப் பின்னால் இருப்பதால் விக் முழுவதும் பின்னோக்கிச் சரியும். அதற்கு உச்சியிலிருந்து நெற்றி விளிம்புக்கு ஒரு மெல்லிய நாடாவும், கன்னப்பொட்டு அருகே தங்கையின் சொந்த முடியைக் கவ்வும் இரண்டு சிறு கிளிப்புகளும். பக்கிளைக் கழற்றினால் வாலைத் தனியே பின்னிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ரயிலில் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

எடையைக் குறைக்கவும் செய்தேன். வாலின் உட்புறச் சரங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய உட்சரங்களை மட்டும் நெளிவு வைக்கும் இரும்பால் வேரிலிருந்து ஒரு முழம் வரை நெளித்தேன். நெளிந்த முடி ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். மேலே நேரான முடி மூடிக்கொள்ளும். பார்வைக்கு வால் முன்னைவிடப் பருமன். தராசில் 230 கிராம். விக் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்று வித்தை இதுதான்.

நெற்றிமுடியைத் தங்கை தலையில் மாட்டிய பிறகே வெட்டினேன். தெர்மாகோல் தலையின் நெற்றி மனிதர் நெற்றியைவிடச் சிறியது. அதில் அளந்து வெட்டினால் முகத்தில் வேறு உயரத்தில் உட்காரும். கத்தரிக்கோலைக் குறுக்கே வைக்காமல் நுனியை மேல்நோக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்தால் போதும்.

வேரோரத்து நிழலுக்கு ஆல்கஹால் மார்க்கரின் மையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து மொட்டைமாடியில் தெளித்தேன். தலைமுடிச் சாயம் இந்த இழையில் ஏறாது. இந்த மை ஏறும். அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும். வலையை மறைக்க ஒரு சாயல் கருமை போதும் என்பதால் இதில் நான் அதிகம் மெனக்கெடவில்லை.

நேற்று மாலை அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். "கழுத்து வலிக்கவில்லை அண்ணா, காதுக்குப் பின்னால்தான் வேர்க்கிறது" என்றாள். உள்ளே போடும் நைலான் தொப்பியை மாற்றி மெல்லிய பருத்தித் துணியில் ஒன்று தைக்க வேண்டும். வால் நுனி ஒவ்வொரு படியிலும் உரசிச் சிக்காகிறது. துணி மென்மையாக்கும் திரவம் கலந்த குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, நுனியிலிருந்து மேலாகச் சீவினால் சிக்கு விடுகிறது. ஆனாலும் நுனியை இன்னும் ஒரு சாண் குறைக்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் ஓடுகிறது. குறைக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

பாக்கி இருப்பது வாலடியில் வரும் சதுர வளையங்கள். 5 மில்லிமீட்டர் ஈவா ஷீட்டில் (மெத்தென்ற நுரைத் தகடு) வெட்டி ஒட்டியாகிவிட்டது. ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு கொடுத்து, காய்ந்ததும் கறுப்பும் இளஞ்சிவப்புக் கோடும் அடிக்க வேண்டும். வளையம் முடியைத் தொடாமல் மிதப்பதுபோல் நிற்க, உள்ளே கம்பி வைப்பதா காந்தம் வைப்பதா என்பதை வண்ணம் காய்ந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன். இப்போதைக்கு என் சாய்வு கம்பிப் பக்கம். காந்தம் எடையைக் கூட்டும்.